தம்பி பாரா கமாண்டோ ஆகணும் என்கிறான், படிப்பை விடத் தயார். என்ன சொல்வது?

கணியம்பாடி அக்கா | ஞாயிறு, காலை 7.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பட்டாளத்தில் இருந்தவர்கள் சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

என் தம்பிக்கு 19 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. வேலூரில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் அவன் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடும்போது கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். தேதி போட்டு வரிசையாக எண்கள். 6.48, 6.31, 6.20 என்று இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் 5.52. அதற்குக் கீழே கோடு போட்டு 5.30 என்று எழுதி வட்டம் போட்டிருந்தான். கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டான். நான்கு மாதமாக விடிகாலையில் ஏரிக்கரையில் 1.6 கிலோமீட்டர் ஓடுகிறானாம், அதற்கு ஆகும் நேரம்தான் அந்த எண்கள். பட்டாளத்தில் நான்கு ஆண்டுக்கு எடுக்கும் அக்னிவீர் தேர்வு எழுதப் போகிறானாம். அங்கிருந்து பாரா கமாண்டோ, அதாவது விமானத்திலிருந்து குதிக்கிற சிறப்புப் படை. கல்லூரியை இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்கிறான்.

எங்கள் பக்கத்துக்குப் பட்டாளம் புதிது இல்லை. கம்மவான்பேட்டை எங்கள் ஒன்றியம்தான். அங்கே பட்டாளத்தில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் தாய்மாமாவும் பட்டாளம்தான். சியாச்சினில் பனியில் வலது கால் விரல்கள் போய்விட்டன. மாமாவின் செருப்பு எப்போதும் குதிகால் பக்கம்தான் தேயும். அந்தச் செருப்பைத் தினமும் வாசலில் பார்க்கிறவர் அம்மா. தம்பி வாயைத் திறந்த நாளிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். "அவன் இஷ்டம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆகக் கடைசியில் முடிவு என் தலையில் வந்து நிற்கிறது. தடுத்தால் காலம் முழுக்க என்னைத்தான் சொல்வான். அனுப்பினால் அம்மா சொல்வார். கமாண்டோ என்பது இவன் நினைக்கிற மாதிரி நடக்கிற காரியமா? அதை நம்பிப் படிப்பை விடலாமா?

சிங்கக்குட்டி | ஞாயிறு, காலை 8.05

அக்கா, முதலில் உங்கள் தம்பிக்கு ஒரு சல்யூட். நானும் இரண்டு முறை ராணுவ ஆள்சேர்ப்பு ரேலிக்குப் போனவன். இரண்டாவது முறை மெடிக்கலில் தட்டையான பாதம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்டான் என்றால் அவனிடம் உழைப்பு இருக்கிறது. தயவுசெய்து தடுக்காதீர்கள். எனக்கு இப்போது 24 வயது, இனி வாய்ப்பே இல்லை. இன்றைக்கும் ரயிலில் பச்சை டிரங்குப் பெட்டியைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். பாதம், முழங்கால் இடைவெளி, நிறக்குருடு, காது இவற்றை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நான்கு வருஷம் ஓடிவிட்டுக் கடைசி நாளில் தெரிந்துகொள்வது மாதிரி கொடுமை வேறு இல்லை.

வரவுசெலவு | ஞாயிறு, காலை 9.40

உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். என் மைத்துனன் மகனுக்காக இதையெல்லாம் உட்கார்ந்து படித்தவன் நான்.

அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் 2022 ஜூன் 14 அன்று அறிவித்த திட்டம். சேவை நான்கு ஆண்டு. முதல் ஆண்டு சம்பளம் மாதம் 30,000. அதில் 30 சதவீதம், அதாவது 9,000, சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்விடும், கையில் 21,000. நான்காம் ஆண்டு 40,000, கையில் 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். முடித்து வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது. பணியில் இருக்கும் வரை 48 லட்சத்துக்குக் காப்பீடு.

இனிப் பெரிய விஷயம். நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் வீட்டுக்கு. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. உங்கள் மாமா காலத்தில் 15 ஆண்டு முடித்த சிப்பாய்க்குச் சாகும்வரை பென்ஷன் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து எங்கள் வீட்டிலேயே பலர் பேசினார்கள். லீவும் பாருங்கள்: மற்ற சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவு, அக்னிவீருக்கு 30.

23 வயதில் கையில் 11 லட்சத்தோடு வெளியே வரும் பையனிடம் பட்டம் இருந்தால் ஒரு வாழ்க்கை, பிளஸ் டூ மட்டும் இருந்தால் வேறு வாழ்க்கை. துணை ராணுவத்தில் முன்னாள் அக்னிவீர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஒதுக்கீடு என்பது வரிசையில் நிற்கக் கிடைக்கும் இடம், வேலை அல்ல. இரண்டாம் ஆண்டு வரை வந்தவன் இன்னொரு ஆண்டு பொறுக்க முடியாதா?

சிங்கக்குட்டி | ஞாயிறு, காலை 9.58

வயது வரம்பைப் பார்த்தீர்களா? 17½ முதல் 21 என்றுதான் திட்டத்தை அறிவித்தார்கள். பட்டம் முடிக்கும்போது அவனுக்கு 20¾ ஆகியிருக்கும். பொறுத்தால் ஒரே ஒரு வாய்ப்பு. அதில் ஜுரம் வந்தால் போச்சு.

பழைய மதராஸி | ஞாயிறு, மாலை 6.20

தங்கச்சி, ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் 1994-ல் சேர்ந்து 2018-ல் ஹவில்தாராக வெளியே வந்தவன். மெட்ராஸ் ரெஜிமெண்ட். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி மேற்பார்வை.

முதலில் ஒரு விஷயம் தம்பிக்குப் புரிய வேண்டும். "கமாண்டோ வேலைக்கு ஆள் எடுக்கிறோம்" என்று எந்த ரேலியிலும் போர்டு வைக்க மாட்டார்கள். நீ சிப்பாயாகச் சேர்கிறாய். அப்புறம் நீயாகக் கை தூக்கினால்தான் பாரா. பெங்களூரில் இருக்கும் பாராசூட் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்துக்கு நேராகப் போகிறவர்களும் உண்டு, வேறு ரெஜிமெண்டிலிருந்து வாலண்டியராகப் போகிறவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் ப்ரொபேஷன் என்ற சோதனைக் காலம் இருக்கிறது. அதில் நிற்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நிற்காதவனைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் ஆர்.டி.யு., வந்த யூனிட்டுக்கே திரும்பு என்று அர்த்தம்.

நான் ஆர்.டி.யு. ஆனவன். இதை எங்கள் ஊரில் பத்து பேருக்குக் கூடச் சொன்னதில்லை. உங்கள் தம்பிக்காகச் சொல்கிறேன்.

1997. எனக்கு 22 வயது. பட்டாலியனில் எங்கள் பிரிவான கம்பெனியில் நான்கு பேர் கை தூக்கினோம். நான்தான் பட்டாலியனின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் ஆள், ஆகவே எனக்குக் கிடைத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அங்கே போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, ஓடத் தெரிந்தவர்கள் மட்டும்தான் அங்கே வருகிறார்கள் என்று. ஓட்டம் அங்கே ஒரு தகுதியே கிடையாது.

மணல் மூட்டை வைத்த பிட்டு, அதாவது பட்டாளத்து முதுகுப்பை, முதுகில், ரைபிள் கையில். பத்து கிலோமீட்டர், இருபது, முப்பது, நாற்பது என்று நடை கூடிக்கொண்டே போகும். நடை முடிகிற இடத்தில் ஒரு மரத்தில் தராசு தொங்கும். ஒவ்வொருவன் பிட்டையும் கழற்றி அதில் மாட்டுவார்கள். தண்ணீர் குடித்ததால் குறைந்தது என்று சொன்னால் மறுநாள் அந்த எடைக்கு ஒரு கல்லும் சேர்ந்து வரும். தூக்கம் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. சாப்பாடு வந்து, எடுத்து வாயில் வைக்கும்போது விசில் ஊதுவார்கள்.

ஏழாவது வாரம், நாற்பது கிலோமீட்டர் இரவு நடை. முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் என் வலது முழங்காலுக்குள் ஏதோ நழுவின மாதிரி இருந்தது. என் ஜோடி ஒரு கடுவாலிப் பையன், உத்தராகண்ட் மலைப் பக்கம். ரைபிளைக் கொடு, நான் சுமக்கிறேன் என்றான். கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேரத்துக்குள் முடித்துவிட்டேன். முடித்த உடனே எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பயிற்சியாளரான உஸ்தாத் ஒரு கேள்வி கேட்டார்: "வழியில் எத்தனை பாலம் தாண்டினீர்கள்?"

எனக்கு ஒரு பாலம் கூட ஞாபகம் இல்லை. பத்து கிலோமீட்டராக என் முழங்காலை மட்டும் நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். கடுவாலிப் பையன் சொன்னான்: "ஐந்து உஸ்தாத். நாலாவதில் இடது கைப்பிடி உடைந்திருந்தது." அவனுக்கு பாராவின் மெரூன் தொப்பி கிடைத்தது. நான் மறுநாள் ஆஸ்பத்திரி, பத்தாம் நாள் ஆர்.டி.யு. ஆர்டரில் காரணம் முழங்கால் என்றுதான் இருந்தது. எனக்குத் தெரியும், அந்தப் பாலம்தான்.

திரும்பிப் போகும்போது ரயிலில் ஒன்றரை நாள் யாரோடும் பேசவில்லை. யூனிட் கேட்டில் எங்கள் கம்பெனி ஹவில்தார், மதுரைப் பக்கத்துக்காரர், நின்றுகொண்டிருந்தார். என் டிரங்குப் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாடா, லங்கர்ல இட்லி ஆறுது" என்றார். லங்கர் என்றால் எங்கள் சமையல் கூடம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு 21 வருஷம் அந்தக் கூட்டத்தோடுதான் இருந்தேன். ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை.

அதனால் தம்பியிடம் ஒரே கேள்வி கேட்கச் சொல்கிறேன். நீங்கள் கேட்க வேண்டாம், அவன் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். மெரூன் தொப்பி கிடைக்கவே கிடைக்காது என்று இன்றைக்கே தெரிந்துவிட்டால், அப்போதும் பட்டாளத்துக்குப் போவாயா? பீரங்கிப் படையில் போடுவார்கள், சிக்னல்ஸில் போடுவார்கள், ராஜஸ்தான் மணலில் சென்ட்ரி நிற்க வைப்பார்கள். அப்போதும் சரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருச்சி மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று கார்கில் போரில் பட்டாலிக்கில் விழுந்தார், அவர் பீகார் ரெஜிமெண்ட். மேஜர் முகுந்த் வரதராஜன், ராஜ்புத் ரெஜிமெண்ட். 2014-ல் ஷோபியானில் இறக்கும்போது 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தார். ராமநாதபுரம் ஹவில்தார் பழனி, 2020-ல் கல்வானில், பீரங்கிப் படை. நம் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுகிற இந்த மூன்று பேரும் மெரூன் தொப்பி போட்டவர்கள் இல்லை.

விண்குடை | ஞாயிறு, இரவு 8.15

பழைய மதராஸி அண்ணன் சொன்னதில் ஒரு சின்ன விளக்கம் சேர்க்கிறேன். பையன்கள் இதில்தான் குழம்புகிறார்கள். பாராசூட் ரெஜிமெண்டில் எல்லாப் பட்டாலியனும் ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் கிடையாது. சில பட்டாலியன்கள் வான்வழிப் படை, அதாவது சாதாரண பாரா. மற்றவை பாரா எஸ்.எஃப். மெரூன் தொப்பி இருவருக்கும் உண்டு. "பலிதான்" என்று எழுதிய, சிறகு விரித்த குத்துவாள் பேட்ஜ் எஸ்.எஃப்.-க்கு மட்டும். 1965 போரில் மேஜர் மேக் சிங் திரட்டிய மேக்தூத் படையிலிருந்து 1966-ல் பிறந்ததுதான் 9 பாரா கமாண்டோ. அடுத்த ஆண்டு 10. 2016 செப்டம்பரில் சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்குக்கு எல்லை தாண்டிப் போனவர்கள் 4, 9 பட்டாலியன் ஆட்கள்.

ஆக்ராவில் விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஐந்து முறை குதிக்க வேண்டும், அதில் ஒன்று இரவில். அதற்குத்தான் மார்பில் சிறகு. யூடியூபில் பையன்கள் பார்த்து மயங்குவது இந்தச் சிறகையும், தொப்பி வாங்குகிற அன்று கண்ணாடி கடிக்கும் காட்சியையும். குதிப்பது மொத்த வேலையில் மிகச் சின்னப் பகுதி. நாள்கணக்கில் ஒரு புதருக்குள் அசையாமல் படுத்துக் கிடப்பதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

நேரம் தவறாதவள் | ஞாயிறு, இரவு 10.47

இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

என் கணவர் பாராவில் இருக்கிறார். எந்தப் பட்டாலியன், எந்த ஊர் என்று சொல்லக் கூடாது. கல்யாணமாகி ஏழு வருஷம். அக்கா, உங்கள் அம்மாவுக்காக இதைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

அவர் "வேலையாகப் போகிறேன்" என்றால் போன் அணைந்துவிடும். எத்தனை நாள் என்று கேட்க மாட்டேன், கேட்டாலும் பதில் வராது. முதல் வருஷம் நான் தூங்கவே இல்லை. அப்புறம் ஒரு பழக்கம் வந்தது. திரும்பி முகாமுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி அனுப்புவார். எழுத்து எதுவும் கிடையாது, ஒரே ஒரு புள்ளி. அதைப் பார்த்த பிறகுதான் அடுப்பில் உலை வைப்பேன். அதிகபட்சம் 23 நாள் புள்ளி வராமல் இருந்திருக்கிறது.

2020 ஏப்ரலில் காஷ்மீரின் கேரன் பகுதியில், இடுப்பளவு பனியில் ஊடுருவியவர்களைத் தேடிப் போன ஐந்து பேர், 4 பாராவைச் சேர்ந்தவர்கள், இறந்தார்கள். அந்தச் செய்தி டி.வி.யில் ஓடிய அன்று நான் ஊரில் மாமியார் வீட்டில் இருந்தேன். லாக்டவுன் நேரம். பெயர்கள் வரும்வரை மாமியாரும் நானும் டி.வி.யை நிறுத்திவிட்டுக் கீரை ஆய்ந்தோம். ஒரு கட்டு கீரையை இரண்டு மணி நேரம் ஆய்ந்தோம். பெயர்கள் வந்தன, அவர் பெயர் இல்லை. சந்தோஷப்பட முடியவில்லை. அந்த ஐந்து வீட்டிலும் அடுப்படியில் இப்படித்தானே யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்தும் அவரை வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. அவர் அந்த வேலையைச் செய்யும்போது முழுதாக இருக்கிறார். லீவில் வந்து பத்தாவது நாள் பேச்சு குறைந்துவிடும். உங்கள் தம்பி இப்படிப்பட்ட ஆளா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கணியம்பாடி அக்கா | திங்கள், காலை 6.30

ராத்திரி எல்லாவற்றையும் படித்தேன். புள்ளி விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். இன்னும் காட்டவில்லை.

மதராஸி அண்ணா, நீங்கள் யாரிடமும் சொல்லாததை எங்களுக்குச் சொன்னீர்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பதிவைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். படித்துவிட்டான், நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

கொக்குவிலான் | திங்கள், காலை 7.55

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். உங்கள் தம்பியில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பிழையாக நினைக்க வேண்டாம். ஆனால் இந்த இழையில் ஒருவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

1987 ஒக்டோபர் 11 இரவு எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீடு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் இருந்து நடக்கிற தூரம். கரண்ட் இல்லை. ஹெலிகொப்டர் சத்தம் கூரைக்கு மேலே. புலிகள் இயக்கத்தின் தலைமையைப் பிடிக்க என்று இந்திய அமைதிப்படை அந்த மைதானத்தில் இறக்கியவர்கள் 10 பாரா கமாண்டோக்களும் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி ஆட்களும். இறங்கிய முப்பது சீக்கியச் சிப்பாய்களில் 29 பேர் செத்துப் போனார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களிலும் ஆறு பேர். பிறகு டாங்கி வந்து மிச்சப் பேரைக் கூட்டிக்கொண்டு போனது. அந்தச் சண்டைக்குள் அகப்பட்டு எங்கள் ஒழுங்கைச் சனமும் செத்தது. என்னோடு படித்த ஒரு பெடியனும் அதில்.

அந்தச் சிப்பாய்களுக்கும் உங்கள் தம்பியின் வயதுதான் இருந்திருக்கும். திறமான ஆட்கள். திறமான ஆட்கள் என்றபடியால்தான் வரைபடம் சரியில்லாத இடத்துக்கும், எதிரி காத்திருக்கிற இடத்துக்கும் முதலில் அவர்களை அனுப்பினார்கள். எங்கே அனுப்புவது, யாருக்கு எதிராக அனுப்புவது என்பது அவர்கள் கையில் இல்லை. உங்கள் தம்பி கையெழுத்து வைக்கும்போது அதையும் சேர்த்துத்தான் வைக்கிறார். அவர் அதை யோசிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை.

பழைய மதராஸி | திங்கள், மாலை 7.02

கொக்குவிலான் ஐயா, நான் அதற்கெல்லாம் பிறகு சேர்ந்தவன். ஆனால் ப்ரொபேஷனில் எங்களுக்கு இருந்த ஒரு உஸ்தாத் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். தமிழ்ப் பையன் என்று என்னை மட்டும் ஒரு நாள் கூப்பிட்டு, "உன் பாஷையில் தண்ணீருக்கு என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "ஆமாம், அதைத்தான் அந்தக் கிழவி கேட்டாள்" என்றார். மேலே எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னது சரி. எங்களுக்குக் கட்டளை மேலிருந்து வரும். அது நியாயமா என்று தராசு பிடிக்க எங்களுக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. கட்டளைக்குள் நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்பது மட்டும் உன் கையில் இருக்கிறது. கதவை உதைக்கலாம், தட்டலாம். தம்பி இதையும் படிக்கட்டும்.

வரவுசெலவு | திங்கள், இரவு 8.30

இதைப் படித்த பிறகு கணக்கு எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் ஒரு வழி சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்லவில்லை.

அந்தப் படைக்கு அதிகாரியாகவும் போகலாம். பட்டப்படிப்பு இறுதியாண்டில் இருக்கும்போதே ராணுவ அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி நிலையமான ஓ.டி.ஏ.-வுக்கு என்றால் எழுத்துத் தேர்வில் ஆங்கிலமும் பொது அறிவும்தான், கணக்கு கிடையாது. அப்புறம் எஸ்.எஸ்.பி. நேர்காணல், ஐந்து நாள். அதில் தேறுவது கடினம், மறைக்கவில்லை. கல்லூரியில் என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, இருந்து "சி" சான்றிதழில் பி கிரேடாவது எடுத்து, பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.-க்குப் போகும் வழியும் உண்டு. ஓ.டி.ஏ.-வில் முடித்த அதிகாரிகளும் பாரா எஸ்.எஃப்.-க்கு வாலண்டியராகப் போகிறார்கள், அதே ப்ரொபேஷன்தான். அக்னிவீர் ஆவதற்கும் என்.சி.சி. சான்றிதழுக்குப் போனஸ் மதிப்பெண் உண்டு. தம்பி என்.சி.சி.-யில் இருக்கிறானா?

ரேலி பார்த்த அப்பா | திங்கள், இரவு 9.14

ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் என் மகனைச் சேர்த்தேன். "செலக்‌ஷன் கேரண்டி" என்று சொல்லி ஒன்றரை லட்சம் வாங்கினார்கள், பத்தாம் வகுப்பு அசல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பையன் ரேலியில் தேறவில்லை. மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க ஏழு மாதம் நடந்தேன். ராணுவத்தில் சேர ஒரு பைசா லஞ்சம் தேவையில்லை. முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, இப்போது தமிழிலும் எழுதலாம். ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம், தப்புக்கு அரை மதிப்பெண் போகும். அதில் தேறினால்தான் ஓட்டத்துக்கே கூப்பிடுவார்கள். இதில் தரகருக்கு என்ன வேலை இருக்கிறது? அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

5.52 | வியாழன், அதிகாலை 4.40

நான்தான் அந்தத் தம்பி. அக்கா அனுப்பிய இணைப்பில் எல்லாவற்றையும் படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

மதராஸி ஐயா கேட்ட கேள்விக்கு ஞாயிறு ராத்திரியே "ஆமாம், போவேன்" என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன். ஏனென்றால் அது பொய். தொப்பி கிடைக்காது என்று தெரிந்தால் போவேனா என்று யோசித்தால் எனக்குள் எதுவோ சுருங்கியது. அப்போது எனக்கே என் மேல் வருத்தம் வந்தது. அப்படியென்றால் எனக்கு வேண்டியது பட்டாளமா, தொப்பியா?

எல்லோரும் படம் பார்த்துக் கெட்டுப் போனான் என்று நினைப்பீர்கள். படம் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடத் தொடங்கியது அதனால் இல்லை. ஸ்கூலிலும் சரி, காலேஜிலும் சரி, நான் நடுவில் இருக்கிற பையன். முதல் பெஞ்சும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை. சார் யாருக்கும் என் பெயர் சட்டென்று வராது. ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தபோது 6.48. யாரும் சொல்லிக்கொடுக்காமல் 5.52-க்கு வந்தேன். நானே சம்பாதித்த முதல் எண் அது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தேடினேன், பாரா என்று தோன்றியது. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மாமாவைப் போய்ப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாது. சியாச்சின் பற்றி முதல் தடவையாகக் கேட்டேன். கால் போனதைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. பங்கரில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பதைப் பற்றியே அரை மணி நேரம் சொன்னார். ஒரு கேன் தண்ணீருக்கு எவ்வளவு பனி வேண்டும், புகை மூக்கில் எப்படிப் படியும், யார் முறை எப்போது என்று. சொல்லும்போது மாமா முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அதில் தொப்பி எதுவும் இல்லை. ஸ்டவ் மட்டும்தான் இருந்தது.

இப்போது பதில் சொல்கிறேன் ஐயா. போவேன். ஆனால் அவசரப்பட மாட்டேன். பட்டத்தை முடிக்கிறேன். அடுத்த வருஷம் அக்னிவீர் தேர்வும் எழுதுவேன், கடைசி ஆண்டில் சி.டி.எஸ்.-ம் எழுதுவேன். என்.சி.சி.-யில் முதல் வருஷம் சேரவில்லை, இப்போது சேர்ப்பார்களா என்று இன்றைக்குக் கேட்கப் போகிறேன்.

கொக்குவிலான் ஐயா, நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. மறக்க மாட்டேன்.

நேரம் தவறாதவள் | வியாழன், காலை 9.20

தம்பி, மாமாவிடம் போனதை அம்மாவிடம் சொல்லிவிடு. மறைத்துப் போவது இந்த வேலையில் பிறகு நிறைய வரும். இப்போதே வேண்டாம்.

பழைய மதராஸி | வியாழன், மாலை 6.45

"அழித்துவிட்டேன்" என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் 22 வயதில் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே போனவன்.

இனிமேல் வேலையைப் பார்ப்போம். ஐந்தரை நிமிடத்துக்குள் 1.6 கிலோமீட்டர் முடித்தால் முழுசாக 60 மதிப்பெண், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. ஓடுகிறவன் எல்லாம் புல்-அப்ஸில்தான் கோட்டை விடுகிறான். எத்தனை எடுக்கிறாய்? உயரம் 166 சென்டிமீட்டர் இருக்கிறதா? மார்பு 77, மூச்சு இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓட்டமே வேண்டாம். அந்த நாள் நடந்து போ. போகிற வழியில் எத்தனை பாலம், எத்தனை கிணறு, எந்த வீட்டு வாசலில் என்ன வண்டி என்று திரும்பி வந்து நோட்டில் எழுது.

5.52 | வியாழன், இரவு 9.30

உயரம் 169 ஐயா. புல்-அப்ஸ் ஆறு.

பழைய மதராஸி | வியாழன், இரவு 9.41

ஆறுக்கு 16 மதிப்பெண்தான். நாளையிலிருந்து தினமும் தொங்கு. எடுக்க முடியாவிட்டாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டாவது இரு.

கணியம்பாடி அக்கா | பத்து நாள் கழித்து, ஞாயிறு, காலை 7.20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்.சி.சி.-யில் இந்த வருஷம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் சோர்ந்துதான் போனான். மாமாவைப் பார்த்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா எதுவும் பேசவில்லை. ஆனால் மறுநாள் மாமாவே வீட்டுக்கு வந்தார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள், நான் பக்கத்தில் போகவில்லை.

இன்றைக்குக் காலையில் அவனுக்கு நேரம் பிடிக்க நானும் ஏரிக்கரைக்குப் போனேன். 5.41. புல்-அப்ஸ் எட்டு. கரையில் மூன்று மதகு, ஒன்று சிமெண்ட் பெயர்ந்தது, நீங்கள் கேட்பீர்கள் என்று அவனே சொன்னான். வீட்டுக்கு வந்தபோது அம்மா அவன் தட்டில் இரண்டு அவித்த முட்டை வைத்திருந்தார். இன்னும் அவனோடு பேசவில்லை. "வேர்வையோடு உட்காராதே என்று சொல்லு" என்று என்னிடம் சொன்னார்.

ஷூ தேய்ந்துவிட்டது, புதிது வாங்கித் தரலாமா என்று கேட்கிறேன் அண்ணா.

பழைய மதராஸி | ஞாயிறு, காலை 8.02

வாங்குங்கள். சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும், அளவு சரியாக வரும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் விட்டுப் பாருங்கள். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கட்டும், ஓட வேண்டாம். பழைய ஷூவைத் தூக்கிப் போடாதீர்கள், மழை நாளுக்கு ஆகும். இன்னும் 11 விநாடி.